டாங்கி காங் பழைய பெட்டிகளுக்கு மறுபடி வருவதானால் நான்கு கட்டங்களோடு வரட்டும்

பெட்ஃபோர்டு டிவிக்காரர் (குன்னூர்)

கோடை சீசன் தொடங்கியதும் "பழைய ஆர்கேட் விளையாட்டுகள் மறுவெளியீடு" என்று அட்டையில் அச்சிட்ட பெட்டிகள் மலையேறி வந்துவிடுகின்றன. டிவியின் பின்னால் செருகும் ஒரு குச்சி, கம்பியில்லாத இரண்டு கண்ட்ரோலர், உள்ளே ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள். பழுதுபார்க்க எது என் மேசைக்கு வந்தாலும் நான் முதலில் திறப்பது டாங்கி காங்கைத்தான்: காங் என்ற குரங்கு உருட்டிவிடும் பீப்பாய்களைத் தாண்டி மாரியோ மேலே ஏறும் விளையாட்டு. செய்தவர்களுக்கு அக்கறை இருந்ததா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைசியாக வந்த பெட்டியில் படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். மாரியோ குட்டையும் தடியுமாக நிற்கிறான். பொத்தானை அழுத்தினால் அவன் குதிப்பதற்குள் பீப்பாய் காலில் வந்து முட்டிவிடுகிறது. 50 மீட்டர் கட்டம் இல்லவே இல்லை.

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் பேச வந்தேன். 1981-இல் நின்டெண்டோவுக்காக ஷிகேரு மியாமோட்டோ வடிவமைத்த ஆர்கேட் (கடைகளில் காசு போட்டு விளையாடும்) இயந்திரத்தில் நான்கு கட்டங்கள் உண்டு. 25 மீட்டரில் சாய்ந்த இரும்பு உத்தரங்களில் பீப்பாய் உருளும். 50 மீட்டரில் கன்வேயர் பெல்ட்டுகள் மீது தட்டுகள் நகரும். 75 மீட்டரில் லிஃப்ட்டுகள். 100 மீட்டரில் ஆணிகளைக் கழற்றிக் காங்கைத் தலைகீழாக விழவைக்க வேண்டும். 1983 ஜூலை 15 அன்று நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுப் பெட்டியான ஃபேமிகாம் ஜப்பானில் வெளிவந்தபோது கூடவே வந்த மூன்று விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. ஆனால் 24 கிலோபைட் கேசட்டில் அந்த 50 மீட்டரை விட்டுவிட்டார்கள். நம் ஊரில் தொண்ணூறுகளில் விற்றவை பெரும்பாலும் அந்த ஃபேமிகாமின் நகல்கள். ஆகவே நாம் எல்லோரும் விளையாடி வளர்ந்தது முக்கால் விளையாட்டு.

பழைய பெட்டிக்கு இதை மறுபடி கொண்டுவந்தால் எப்படிக் கொண்டுவர வேண்டும்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கோத்தகிரி 6502

வணக்கம் அண்ணா. நீங்கள் கேட்பதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்கு கட்டங்களும் ஃபேமிகாமில் ஓடுகின்றன.

ஆர்கேட் இயந்திரத்தில் இருந்தது 3.072 மெகாஹெர்ட்ஸ் ஸட்80 செயலி. ஃபேமிகாமில் இருப்பது 6502 வகை, 1.79 மெகாஹெர்ட்ஸ். எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. 6502 ஒரு கட்டளையை முடிக்கக் குறைந்த சுழற்சிகளே எடுத்துக்கொள்ளும். வேகம் போதுமானது. கழுத்தைப் பிடிப்பது திரைதான். ஆர்கேட் திரை நிமிர்த்தி வைத்தது: 224 புள்ளி அகலம், 256 புள்ளி உயரம். ஃபேமிகாமில் 256 அகலம், 240 உயரம். அதிலும் டியூப் டிவி மேலும் கீழும் கொஞ்சம் விழுங்கிவிடும். நம்பி வரையக்கூடியது 224 வரிதான். மிச்சம் 32 வரியை எங்கே குறைப்பது? உத்தரங்களை நெருக்கினால் மாரியோ குதிக்கும் உயரம் இடிக்கிறது. குதிப்பைத் தாழ்த்தினால் அது வேறு விளையாட்டு ஆகிவிடுகிறது. பக்கவாட்டில் 32 புள்ளி சும்மா கிடந்ததால் மேலே இருந்த ஸ்கோரை வலது ஓரத்துக்கு நகர்த்தினேன். மீதியைக் காங்கின் தலைக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் எடுத்துக்கொண்டேன். உத்தரங்களைத் தொடவில்லை.

அடுத்தது ஸ்பிரைட், அதாவது திரையில் நகரும் உருவத் துண்டு. ஒரு கிடைவரியில் எட்டு மட்டுமே தெரியும், ஒவ்வொன்றும் எட்டுப் புள்ளி அகலம். மாரியோவுக்கே இரண்டு வேண்டும். ஆக ஒரே வரியில் நான்கு உருவங்களுக்கு மேல் வந்தால் ஏதாவது ஒன்று மறையும். 50 மீட்டரில் பெல்ட் மீது தட்டுகளும் நெருப்பும் மாரியோவும் ஒன்றாகச் சேரும்போது எல்லாம் மினுக்க ஆரம்பித்துவிட்டது. தட்டுகளை ஸ்பிரைட்டாக இல்லாமல் பின்னணிப் படத்தின் துண்டுகளாக வரைந்த பிறகு அடங்கியது.

மாப்பர் (கூடுதல் நினைவகத்தை மாற்றி மாற்றிக் காட்டும் சிப்) இல்லாத எளிய போர்டில் நிரலுக்கு 32, படங்களுக்கு 8, மொத்தம் 40 கிலோபைட் கிடைக்கும். எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. வரும் மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் உதகையில் கேசட்டாகப் போட்டு விற்கலாம் என்று எண்ணம். அண்ணா, உங்கள் கடையிலும் வைப்பீர்களா?

கொடை ஏரிக்கரை

தம்பி, தட்டுகளைப் பின்னணியாக்கிய யோசனை அருமை. உத்தரத்தைத் தொடாதது அதைவிட அருமை.

கொடைக்கானலில் ஏரிப் பக்கம் என் அப்பா வீடியோ கேம் பார்லர் நடத்தினார். விடுமுறை நாட்களில் கல்லாவில் உட்கார்ந்திருந்தது நான்தான். அந்த இயந்திரத்தைப் பற்றி இன்று யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அதன் ஜாய்ஸ்டிக் நான்கே திசைகளில்தான் நகரும். குச்சிக்கு அடியில் வைர வடிவத் துளையோடு ஒரு தகடு இருக்கும். குறுக்கு மூலைக்குத் தள்ளினாலும் அது மேலேயோ பக்கவாட்டிலோ வழுக்கிப் போய்விடும். ஓடிக்கொண்டே ஏணியைப் பிடிப்பது அதனால்தான் அத்தனை சுலபமாக இருந்தது. தகடு தேய்ந்ததும் பிள்ளைகள் ஏணிக்கு அடியிலேயே நின்று செத்தார்கள், அப்பாவிடம் வந்து சண்டை போட்டார்கள். அவர் கோயம்புத்தூரிலிருந்து புதுத் தகடு வரவழைத்து மாட்டினார், சண்டை நின்றது. உங்கள் கேசட்டை விளையாடுகிறவர்கள் கையில் எட்டுத் திசைக்கும் போகிற திசைப் பொத்தான் இருக்கும். மேலும் வலதும் சேர்ந்து அழுந்தினால் உங்கள் நிரல் எதை எடுத்துக்கொள்கிறது?

இன்னொன்று, கட்டங்களின் வரிசை. ஜப்பானியப் போர்டில் 25, 50, 75, 100 என்று நேராகப் போகும். எங்கள் பார்லரில் இருந்தது அமெரிக்க வரிசை: முதல் சுற்றில் 25 முடிந்ததும் நேரே 100. இரண்டாம் சுற்றில் 75 சேரும். 50 மீட்டரைப் பார்க்க மூன்றாம் சுற்று வரை உயிரோடு இருக்க வேண்டும். யாராவது அங்கே எட்டிவிட்டால் கடை முழுக்க அவர் பின்னால் கூடிவிடும். ஆகவே ஆர்கேட்டில் விளையாடியவர்களிலும் பலர் அதைப் பார்த்ததில்லை. எனக்கு அமெரிக்க வரிசையே பிடிக்கும். அந்தக் கட்டத்தை உழைத்து அடைய வேண்டும்.

பெட்ஃபோர்டு டிவிக்காரர் (குன்னூர்)

அக்கா சொன்ன தகடு விஷயத்தை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மிக்க நன்றி.

வரிசையில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. நமக்கு இல்லாமல் போன கட்டம் அது. அதை மறுபடி கொடுக்கும்போது மூன்றாம் சுற்றில் ஒளித்து வைப்பது நியாயமில்லை. ஜப்பானிய வரிசையை முதலில் வைத்து, அமெரிக்க வரிசையை மெனுவில் தரலாம்.

தம்பி, ஒரு கேள்வி. நம் டிவி பால் (PAL) ஒளிபரப்பு முறை, வினாடிக்கு 50 முறை படம் வரையும். ஜப்பானும் அமெரிக்காவும் 60. நம் கடைகளில் விற்ற நகல் பெட்டிகள் பலவும் 50-இல் ஓடுகிறவை. 60-ஐ நினைத்து எழுதிய நிரலை அதில் போட்டால் எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும், பாட்டு உட்பட. நாம் சிறுவயதில் கேட்ட இசையே இழுத்த இசை. உங்கள் நிரல் பெட்டி எந்த வகை என்று கண்டுபிடித்து வேகத்தைத் திருத்துகிறதா?

கடையில் கேசட் வைப்பது பற்றிப் பிறகு பேசுவோம். அதற்கு முன் இங்கே இருக்கிற வழக்கறிஞர் சொல்லட்டும்.

கோத்தகிரி 6502

அக்கா, இரண்டு திசையும் சேர்ந்து அழுந்தினால் இப்போது பக்கவாட்டைத்தான் எடுக்கிறது. ஏணிக்கு நேராக நிற்கும்போது மட்டும் மேல் திசைக்கு முன்னுரிமை தரப்போகிறேன். இன்றே மாற்றிவிடுவேன்.

அண்ணா, பெட்டியின் வகையைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்: ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை சுழற்சி ஓடுகிறது என்று எண்ணினால் போதும். 50 பெட்டியில் ஒவ்வொரு ஐந்தாவது ஃபிரேமிலும் இசையை இருமுறை நகர்த்துகிறேன். அதனால் பாட்டு சரியான வேகத்தில் வருகிறது. ஆனால் மாரியோவின் நகர்வுக்கு அதையே செய்தால் ஐந்தில் ஒருமுறை அவன் வெட்டி நகர்கிறான், கண்ணுக்கு உறுத்துகிறது. வேகத்தைப் பின்னக் கணக்கில் வைத்து எழுத வேண்டும். 25 மீட்டருக்கு மட்டும் முடிந்திருக்கிறது.

அரவங்காடு ஓய்வு

வெடிமருந்துத் தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விளையாட்டு எனக்குத் தெரியாது. பேரனுக்காக இந்த இழையைப் படித்தேன். ஒன்று சொல்லத் தோன்றியது.

நம் மலை ரயிலுக்கு 2021-இல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நிலக்கரியில் ஓடும் புது நீராவி எஞ்சின் கட்டினார்கள். கொதிகலன் புதிது, தகடுகள் புதியவை, பற்றவைப்பு முறையும் இந்தக் காலத்தது. ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பல்சட்டம் மாறவில்லை. எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பல்லில் இம்மி பிசகாமல் கடிக்க வேண்டும், கடிக்காவிட்டால் மலையேறாது. உங்கள் விளையாட்டில் அந்தப் பல்சட்டம் எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பொத்தானுக்கும் குதிப்புக்கும் இடையிலான நேரம், உத்தரத்தின் சாய்வு, பீப்பாயின் போக்கு ஆகியவைதான் என்று நீங்கள் எழுதுவதிலிருந்து புரிகிறது. ஸ்கோர் மேலே இருந்தால் என்ன, வலது பக்கம் இருந்தால் என்ன?

கொடை ஏரிக்கரை

ஐயா சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். பீப்பாயின் போக்கு என்றீர்களே, அதில் ஒரு நுணுக்கம். பீப்பாய் ஏணி வழியாக இறங்குமா, உத்தரத்தில் தொடர்ந்து உருளுமா என்பது முழுக்க அதிர்ஷ்டம் இல்லை. மாரியோ எங்கே நிற்கிறான், ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் இயந்திரம் பார்க்கும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் குச்சியை லேசாக ஒரு பக்கம் சாய்த்தே பீப்பாய்களைத் தங்களுக்கு வசதியாக ஓட்டிவிடுவார்கள். எங்கள் கடையில் ஒரு பையன் காரணம் தெரியாமலே இதைச் செய்வான். மற்றவர்கள் அவன் கையில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று நம்பினார்கள். தம்பியின் நிரலில் இது இல்லாவிட்டால், பார்க்க ஆர்கேட் போல இருக்கும், கைக்கு வேறாக இருக்கும்.

உதகை வழக்கறிஞர்

எல்லோருக்கும் வணக்கம். தம்பியின் உழைப்பை மதிக்கிறேன். அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இதை விற்காதீர்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. பதிப்புரிமை நீடிக்கும் 60 ஆண்டுக் கணக்கை எப்படிப் போட்டாலும் 1981-இல் வந்த விளையாட்டு 2041-க்கு முன் பொதுவுடைமை ஆகாது. உரிமையை மீறி விற்றால் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பெயருக்கும் உருவத்துக்கும் வணிகச் சின்ன உரிமை தனியாக உண்டு. ஒரு வரியைக்கூட நகலெடுக்காமல் நீங்களே எழுதியிருந்தாலும், படமும் கட்டமைப்பும் அவர்களுடையவை. அமெரிக்காவில் 2012-இல் டெட்ரிஸ் வழக்கில் இதுதான் நடந்தது: விதிகள் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் திரையில் தெரியும் உருவமும் அமைப்பும் அப்படியே இருந்தது மீறல் என்றார்கள்.

இந்த விளையாட்டின் வரலாறே உரிமைச் சண்டையால் ஆனது. ஆர்கேட் நிரலை எழுதியது ஐகெகாமி சுஷின்கி என்ற நிறுவனம். நிரல் யாருக்குச் சொந்தம் என்று நின்டெண்டோவோடு நீதிமன்றம் போய், 1990-இல்தான் சமரசம் ஆனது. அசல் ஆர்கேட் வடிவம் வீட்டில் விளையாடத் தனி விளையாட்டாக முறைப்படி வந்தது 2018 ஜூனில், ஹாம்ஸ்டர் நிறுவனத்தின் வெளியீடாக, நின்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டிக்கு. இத்தனை ஆண்டு எல்லோரும் ஆசையோடு காத்திருந்தார்கள். ஆசை உரிமை ஆகாது.

நல்ல செய்தியும் உண்டு. ஒரு நிரல் எப்படி இயங்குகிறது என்று கவனித்து, ஆராய்ந்து, அதன் கருத்துகளை அறிந்துகொள்வதற்கு 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. முறையாக வாங்கிய பிரதியிலிருந்து சொந்தப் பயன்பாட்டுக்காக, வணிக நோக்கமின்றி மாற்றி அமைத்துக்கொள்ளவும் இடம் உண்டு. உங்கள் மேசையில் அது ஓடட்டும். மலர்க் கண்காட்சிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கோத்தகிரி 6502

ஐயா, சட்டம் புரிகிறது. மனம் ஒப்பவில்லை. சீசன் கடைகளில் திருட்டுப் பெட்டிகள் வெளிப்படையாக விற்கின்றன, படத்தை நசுக்கி, ஒரு கட்டத்தையே விட்டுவிட்டு. யாரும் கேட்பதில்லை. அக்கறையோடு எழுதுகிற எனக்கு மட்டும் சிறையா?

உரிமையாளர்களும் இந்தக் கட்டத்தை ஃபேமிகாம் வடிவில் சேர்த்திருக்கிறார்கள். 2010-இல் ஐரோப்பாவில் விற்ற, நின்டெண்டோவின் சிவப்பு நிற வீ (Wii) பெட்டியோடு 50 மீட்டர் சேர்ந்த பதிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். பழைய பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு அதைக் கேசட்டாகக் கொடுக்காதது ஏன்?

பெட்ஃபோர்டு டிவிக்காரர் (குன்னூர்)

தம்பி, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. இந்த இழையைத் தொடங்க வைத்ததே அதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்காரர்கள் பெயரில்லாமல் விற்கிறார்கள். நீங்கள் உங்கள் பெயரைப் போட்டு விற்கப் பார்க்கிறீர்கள். பெயர் போடக்கூடிய வேலையைப் பெயர் போடக்கூடிய வழியில் வெளியிட வேண்டும். என் கடையில் அதை விற்க மாட்டேன். சோதித்துப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

கூடலூர் மழை

உரிமை யாருடையதாக இருந்தாலும், நாளை யார் கேசட் போட்டாலும், மலைக்கு ஏற்ற மாதிரி போடச் சொல்லுங்கள். தென்மேற்குப் பருவமழையில் எங்கள் பக்கம் சுவரே வியர்க்கும். வெளியூரிலிருந்து வரவழைத்த மறுபதிப்புக் கேசட்டுகளைத் திறந்து பார்த்தால் செருகும் விளிம்பில் தங்கப் பூச்சு இல்லை, ஈயப் பூச்சுதான். ஒரே மழைக்காலத்தில் மங்கிப் போய், செருகினால் சாம்பல் திரை வருகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும். மறுபடி அதே கதை.

அதைவிட மோசமானது உள்ளே இருக்கும் சிப். ஃபேமிகாமின் கம்பிகளில் ஓடுவது 5 வோல்ட். மலிவுக் கேசட்டில் 3.3 வோல்ட் ஃபிளாஷ் சிப்பை நடுவில் எந்த மாற்றியும் வைக்காமல் நேராகப் பற்றவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஓடும். நாளடைவில் சிப்பும் கெடும், பெட்டியின் பக்கமும் சுமை ஏறும். பழைய பெட்டிகளை இனி யாரும் தயாரிக்கப் போவதில்லை. ஒரு கேசட்டுக்காக அதைக் காவு கொடுப்பது கொடுமை. விளிம்பை 45 பாகை சரித்து இழைக்காமல் விட்டால் பெட்டியின் உள்ளே இருக்கும் உலோகப் பற்களும் வளைந்துபோகும். 60 முனை உள்ள பழைய வகைப் பெட்டிதான் நம்மிடம் அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். 72 முனைக் கேசட் நமக்கு உதவாது.

கொடை ஏரிக்கரை

22-ஆம் சுற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஆர்கேட்டில் சுற்று எண்ணைப் பத்தால் பெருக்கி 40 சேர்த்துத்தான் நேரம் கணக்கிடப்படுகிறது. 22-இல் அது 260. எட்டு பிட் நினைவிடத்தில் 255-க்கு மேல் அடங்காது; மிஞ்சுவது 4. நேரம் நூறுநூறாக எண்ணப்படுவதால் அது 400. ஆகவே 400-இல் தொடங்கும் நேரம் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்து மாரியோ விழுந்துவிடுவான். உலகத்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் அங்கே முடிவு. மறுவெளியீட்டில் இதைத் திருத்தலாமா?

கோத்தகிரி 6502

திருத்த வேண்டும் அக்கா. அது எழுதியவர்கள் நினைத்துச் செய்ததில்லை; எண் வழிந்ததால் வந்த பிழை. ஒரே ஒரு ஒப்பீட்டுக் கட்டளை சேர்த்தால் சரியாகிவிடும்.

பெட்ஃபோர்டு டிவிக்காரர் (குன்னூர்)

கூடவே கூடாது. அந்தச் சுவரில் முட்டத்தான் உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் புள்ளி சேர்க்கிறார்கள். 21 சுற்றுக்குள் எவ்வளவு சேர்க்கலாம் என்பதுதான் அவர்கள் போட்டியே. அதை எடுத்துவிட்டால் ஸ்கோருக்குப் பொருளே இல்லை. 50 மீட்டரை விட்டது உரிமையாளர் எடுத்த முடிவு, அதனால் நாம் இழந்தோம், அதைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன். 22-ஆம் சுற்று இயந்திரத்தின் இயல்பு. அதில் கை வைப்பது வேறு விளையாட்டைக் கொடுப்பதாகும்.

அரவங்காடு ஓய்வு

இருவரும் மெனுவில் ஒரு வரி சேர்த்துவிட்டுச் சமாதானம் ஆகலாமே என்று நினைத்தேன். யோசித்தால் குன்னூர்க்காரர் சொல்வதுதான் சரி. தேர்வு கொடுத்தால் யாருடைய ஸ்கோர் எந்தக் கணக்கில் வந்தது என்ற தகராறுதான் மிஞ்சும்.

உதகை வழக்கறிஞர்

தம்பிக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் நிரலில் குதிப்பும் ஏணியும் பின்னக் கணக்கு வேகமும் 50, 60 கண்டுபிடிப்பும் உங்கள் சொந்த வேலை. அவற்றை வைத்து, படமும் பெயரும் கட்டங்களும் இசையும் முழுக்க உங்களுடையதான ஒரு விளையாட்டை எழுதுங்கள். அதற்கு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பதிவுக்கு வேண்டிய விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன், கட்டணம் எனக்கு வேண்டாம்.

கோத்தகிரி 6502

நன்றி ஐயா. கேசட் விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். டாங்கி காங் நிரல் என் பெட்டியோடு இருக்கட்டும். புதிய விளையாட்டைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன். இயந்திரப் பகுதியை முதலில் பிரித்து எழுத வேண்டும். பீப்பாய் ஜாய்ஸ்டிக்கைக் கவனிக்கும் முறை என் நிரலில் இல்லை, அதைச் சேர்க்காமல் அடுத்த வேலைக்குப் போக மனம் வராது. கூடலூர் அண்ணா, 5 வோல்ட் சிப் பழையது உங்களிடம் இருந்தால் இரண்டு தேவைப்படும்.

கூடலூர் மழை

அழிக்கும் ஜன்னலுள்ள பழைய வகைச் சிப்புகள் இருக்கின்றன. புற ஊதா விளக்கும் இருக்கிறது. பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன், குன்னூர் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்ஃபோர்டு டிவிக்காரர் (குன்னூர்)

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள் தம்பி, கூட்டம் இருக்காது. 50-இல் ஓடும் பெட்டி ஒன்றும் 60-இல் ஓடும் பெட்டி ஒன்றும் எடுத்து வைக்கிறேன், இரண்டுக்கும் டியூப் டிவி உண்டு. 75 மீட்டரில் லிஃப்ட் மேலே போகும் வேகத்தை இரண்டிலும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். பின்னக் கணக்கில் தவறு இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். கொடைக்கானல் அக்காவிடம் அந்த நான்கு திசைத் தகடு இன்னும் இருந்தால் அளவை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், லேத் பட்டறையில் ஒன்று வெட்டித் தரச் சொல்கிறேன்.